ஈர்க்குச்சிக் கட்டும் தண்ணீர் டம்ளரும்: கணக்கு வகுப்பில் செய்து கற்றல்

ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்காக எழுதிய அத்தியாயம் இது. இடமதிப்பு, நீட்டலளவை, முகத்தலளவை, நிறுத்தலளவை ஆகிய நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாதிக்கு மேல் இடமதிப்பைப் பற்றியே இருக்கும். நான்காம் ஐந்தாம் வகுப்பில் ஒரு குழந்தை கழித்தலிலும் வகுத்தலிலும் தடுமாறினால், பெரும்பாலும் அதன் வேர் இரண்டாம் வகுப்பில் சரியாகப் பிடிபடாத ‘பத்து’தான்.

செய்து கற்பது நம் அரசுப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. ஆந்திராவின் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் உருவான முறை அதற்கு முன்மாதிரி. அப்போது வந்த கீழ்மட்டக் கரும்பலகையும், குழந்தைகளின் வேலைகளைத் தொங்கவிடும் கம்பிப்பந்தலும் இன்றும் பல வகுப்பறைகளில் இருக்கின்றன. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தின் இழப்பைச் சரிசெய்ய 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கும் பழக்கம் அதோடு வந்தது. ஆகவே பொருளுக்கும் அட்டைக்கும் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. குழந்தையின் கையில் பொருளைக் கொடுத்ததுமே பாடம் நடந்துவிட்டதாக நாம் நினைத்துவிடுகிறோம்.

பொருள் தானாக எதையும் கற்றுத்தராது. செய்வதற்கு முன் ஒரு கேள்வி வேண்டும்: “எத்தனை இருக்கும்னு நினைக்கிறே?” அதற்குக் குழந்தை வாய்விட்டு ஒரு பதில் சொல்ல வேண்டும். பிறகு செய்து பார்க்க வேண்டும். செய்ததைத் தன் பேச்சில் சொல்ல வேண்டும். கடைசியாக அதை நோட்டில் பதிய வேண்டும். இந்த வரிசையில் முதல் கேள்வியையும் கடைசிப் பதிவையும்தான் நேரமில்லை என்று விட்டுவிடுகிறோம். அவை இரண்டும் போய்விட்டால் நடுவில் மிஞ்சுவது விளையாட்டு மட்டுமே. “பிள்ளைங்க நல்லா விளையாடுறாங்க, எழுத்துதான் வரல” என்று பெற்றோர் சொல்லும்போது அதில் உண்மை இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

பத்தைக் கட்டுதல்

தென்னை ஈர்க்குச்சியைச் சாண் நீளத்துக்கு வெட்டி, கூர்முனையை நறுக்கிவிடுங்கள். நால்வர் அல்லது ஐவர் கொண்ட குழுவுக்கு நூற்றைம்பது குச்சி போதும். ஐஸ் குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது, குத்தாது. கட்டுவதற்கு நூல் கொடுங்கள். ரப்பர் பேண்டு கொடுத்தால் அது ஒரு நிமிடத்தில் கவணாகிவிடும், கண்ணில் பட்டால் வம்பு. ஒன்றாம் வகுப்பில் புளியங்கொட்டை, மணி போன்ற சிறிய பொருள்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை மூக்கிலும் காதிலும் போகும்.

குச்சிகளைக் குவியலாகத் தரையில் போட்டுவிட்டு, எண்ண விடாமல் முதலில் உத்தேசமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் ‘ஐம்பது’ என்பார், இன்னொருவர் ‘ஆயிரம்’ என்பார். ஒவ்வொருவர் சொன்னதையும் பெயரோடு கரும்பலகையில் எழுதிவைத்து, பிறகு எண்ண விடுங்கள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிற குழந்தை அறுபது எழுபதில் தடம் மாறும். பக்கத்துக் குழந்தை ஏதோ கேட்க, எண்ணிக்கை போய்விடும். “விட்ட இடம் தெரியாமப் போகாம இருக்க என்ன செய்யலாம்?” என்று அந்த நேரத்தில் கேளுங்கள். பத்துப் பத்தாகக் கட்டலாம் என்ற யோசனை குழந்தைகளிடமிருந்து வரும்வரை பொறுத்திருங்கள். வரவில்லையென்றால், அடுத்த குழுவிலிருந்து குச்சியை வாங்கி நீங்களே ஒரு கட்டுக் கட்டி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பார்த்துக் கொள்வார்கள்.

நூற்று இருபத்து மூன்று குச்சி வந்தது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு கட்டு, மூன்று உதிரி. பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டச் சொல்லுங்கள். இப்போது பெரிய கட்டு ஒன்று, சின்னக் கட்டு இரண்டு, உதிரி மூன்று. தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று கட்டம் போட்டு, நூறுகள், பத்துகள், ஒன்றுகள் என்று எழுதி, குச்சிகளை அந்தந்தக் கட்டத்தில் வைத்து, எண்ணை அதன் கீழே எழுதச் சொல்லுங்கள். 123 என்ற எண்ணில் 1 ஏன் முன்னால் நிற்கிறது என்பதை நீங்கள் விளக்க வேண்டியிராது.

குழந்தைகள் செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டி முடித்த கட்டைத் திரும்பக் கையில் எடுத்தால், சில குழந்தைகள் “பத்து, இருபது, முப்பது” என்று போவார்கள். வேறு சிலர் கட்டுக்குள்ளேயே விரலை விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று மறுபடி எண்ணுவார்கள், சிலர் அவிழ்த்தே எண்ணுவார்கள். இப்படி எண்ணும் குழந்தைக்குப் பத்து இன்னும் ஒரே பொருளாக ஆகவில்லை. அதட்டாதீர்கள், “கட்டினதுதானே, ஏன் எண்ணுறே?” என்று கேட்காதீர்கள். இன்னும் பத்துக் கட்டு அந்தக் குழந்தையே கட்டட்டும். பிறர் கட்டிக்கொடுத்த கட்டின்மேல் நம்பிக்கை வராது, தான் கட்டியதன்மேல் வரும்.

அதனால்தான் தொடக்கத்திலேயே மணிச்சட்டத்தையோ விளையாட்டு ரூபாய் நோட்டையோ கொடுக்க வேண்டாம் என்கிறேன். மணிச்சட்டத்தில் பத்துகள் கம்பியிலிருக்கும் ஒரு மணி, ஒன்றுகள் கம்பியிலிருக்கும் மணியைப் போலவேதான் இருக்கும். அதற்குப் பத்து மதிப்பு என்பது நாம் சொல்லித் தெரிய வேண்டிய ஏற்பாடு. பத்து ரூபாய்த் தாளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பத்து ஒரு ரூபாய் இருக்காது. ஈர்க்குச்சிக் கட்டை அவிழ்த்தால் பத்தும் தரையில் விழும். முதலில் கட்டு, கட்டு பழகியபின் நோட்டும் மணிச்சட்டமும், கடைசியில் எழுத்தெண் என்ற வரிசையில் போனால் சிக்கல் குறைவு.

நூற்றைந்தை 1005 என்று எழுதும் குழந்தை

இது எல்லாப் பள்ளியிலும் நடக்கும். குழந்தை கவனக்குறைவாக எழுதியதல்ல, கேட்டதை அப்படியே எழுதியது. நூறு என்றதும் 100, ஐந்து என்றதும் 5. பேச்சில் நூறும் ஐந்தும் அடுத்தடுத்து வருகின்றன. எழுத்தில் ஐந்து போய் சுழியத்தின் இடத்தில் உட்காருகிறது. சிவப்பு மையால் சுழித்துவிட்டால் இந்த வேறுபாடு புரியப்போவதில்லை.

பழைய தினசரி நாட்காட்டியின் தாள்கள் இதற்குப் போதும். அட்டையில் ஒட்டி, மூன்று விரல் அகலத்தில் 100, 200, 300 என்று ஒரு வரிசை. இரண்டு விரல் அகலத்தில் 10, 20, 30 என்று ஒரு வரிசை. ஒரு விரல் அகலத்தில் 1 முதல் 9 வரை ஒரு வரிசை வெட்டுங்கள். 100 அட்டையின் வலது ஓரத்தில் 5 அட்டையை வைத்தால் கடைசிச் சுழியம் மறைந்து 105 தெரியும். 5 அட்டையைத் தூக்கினால் சுழியம் மறுபடி வரும். குழந்தை தூக்கித் தூக்கிப் பார்க்கும், பார்க்கட்டும். பிறகு 125க்கு மூன்று அட்டைகளையும் அடுக்கச் சொல்லுங்கள். சொல்லும் எண்ணுக்கு அட்டை, அட்டைக்குக் குச்சி, குச்சிக்கு நோட்டு என்று மாற்றி மாற்றிப் பயிற்சி கொடுக்கலாம்.

இதே போல இருபத்தொன்பதுக்கு அடுத்து ‘இருபத்துப்பத்து’ என்று சொல்கிற குழந்தையும் உண்டு. குச்சிப் பாஷையில் அது முழுக்கச் சரி: இரண்டு கட்டும் பத்து உதிரியும். “அந்தப் பத்தையும் கட்டிடு, இப்ப எத்தனை கட்டு?” என்று கேட்டால் ‘முப்பது’ தானாக வந்து நிற்கும். எண்பத்தொன்பதுக்கு அடுத்து வரும் தொண்ணூறு மட்டும் காதால் ஊகிக்க முடியாத பெயர். அதைப் பாட்டாகவோ திரும்பத் திரும்பச் சொல்லியோ மனப்பாடம் செய்வதுதான் வழி. எல்லாவற்றையும் செய்து பார்த்தே கற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

கழித்தலில் கட்டை அவிழ்த்தல்

52இலிருந்து 17 கழிக்கச் சொன்னால் 45 என்று விடை போடும் குழந்தை எல்லா வகுப்பிலும் உண்டு. இரண்டிலிருந்து ஏழு போகாது, எனவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது. கரும்பலகையில் எத்தனை முறை ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொன்னாலும் அடுத்த வாரம் இதே பிழை திரும்பும்.

குழந்தையிடம் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுங்கள். கடைக்காரராக அது இருக்கட்டும், நீங்கள் வாங்க வந்தவர்.

“எனக்குப் பதினேழு குச்சி குடு.”

ஒரு கட்டை எடுத்து நீட்டும். பிறகு உதிரியைப் பார்க்கும்.

“ரெண்டுதான் இருக்கு, டீச்சர்.”

“எனக்கு ஏழு வேணுமே.”

இங்கே வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஆசிரியரின் வேலை. அரை நிமிடம் நீளமாகத்தான் தெரியும். குழந்தை கட்டுகளைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும், “இதப் பிரிக்கலாமா?” என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடத்தின் முக்கால்வாசி முடிந்தது. ஒரு கட்டை அவிழ்த்ததும் உதிரி பன்னிரண்டாகும். ஏழு கொடுத்தால் ஐந்து மிஞ்சும். நாலு கட்டில் ஒன்றைக் கொடுத்தாயிற்று, மூன்று இருக்கிறது. விடை 35. செய்த ஒவ்வொன்றையும் உடனுக்குடன் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: கட்டை அவிழ்த்ததும் 5ஐ அடித்து மேலே 4, 2ஐ அடித்து 12. கையின் செயலும் பென்சிலின் குறியும் அடுத்தடுத்து நடக்க வேண்டும். எல்லாவற்றையும் குச்சியில் செய்துவிட்டு, பிறகு உட்கார்ந்து எழுது என்றால் இரண்டுக்கும் உள்ள உறவு அறுந்துபோகும்.

இது பழகியபின் 305இலிருந்து 128 கொடுங்கள். பத்துகள் கட்டத்தில் ஒன்றும் இல்லை. பெரிய கட்டைப் பிரித்தால் பத்துச் சின்னக் கட்டு வரும். அதில் ஒன்றை அவிழ்த்தால் ஒன்பது கட்டும் பதினைந்து உதிரியும் இருக்கும். பெரியவர்களையும் தடுமாற வைக்கும் அந்த நடுச்சுழியம், தரையில் செய்து பார்த்த மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு பொருட்டாக இருப்பதில்லை. விடை 177.

குச்சியை எப்போது விடுவது என்று பயிற்சிகளில் கேட்கிறார்கள். தேதி வைத்து விட முடியாது. கட்டுக்குப் பதில் கோடு, உதிரிக்குப் பதில் புள்ளி என்று நோட்டில் வரையச் சொல்லிப் பாருங்கள். 52க்கு ஐந்து கோடு, இரண்டு புள்ளி. கோட்டை அடித்துப் பத்துப் புள்ளியாக மாற்றத் தெரிந்த குழந்தைக்குக் குச்சி இனி கட்டாயமில்லை. ஆனாலும் குச்சித் தட்டு கையெட்டும் இடத்திலேயே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் எழுந்துபோய் எடுத்துக்கொள்ளும் உரிமை குழந்தைக்கு வேண்டும். ‘இன்னுமா குச்சி?’ என்று ஒரு முறை கேட்டுவிட்டால், தெரியாத குழந்தையும் தெரிந்ததுபோல் நடிக்கத் தொடங்கும்.

அளந்து பார்த்தல்

நீட்டலளவையில் நேரே ஸ்கேலுக்குப் போகாதீர்கள். வகுப்பறை வாசலிலிருந்து சத்துணவுக் கூடம் வரை எத்தனை அடி என்று கால்வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு விடை வரும், சண்டையும் வரும். உங்கள் காலால் அளந்தால் இன்னும் குறைவாக வரும். எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு எதற்கு என்பது அந்தச் சண்டைக்குள்ளேயே இருக்கிறது; அதை ஆறவிடாமல் அன்றே ஸ்கேலை எடுங்கள்.

ஸ்கேலில் நிறையக் குழந்தைகள் 1இலிருந்து அளக்கத் தொடங்குவார்கள். எண்ணுவது ஒன்றில்தானே தொடங்குகிறது, அவர்களுக்கு அது நியாயம். முனை உடைந்த பழைய ஸ்கேல் ஒன்று உங்கள் மேசையில் நிச்சயம் இருக்கும், தூக்கி எறியாதீர்கள். 4இல் தொடங்கும் அந்த ஸ்கேலால் ஒரு பென்சிலை அளக்கச் சொல்லுங்கள். பென்சிலின் நுனி 13இல் நிற்கும். 13 செ.மீ. என்று ஒரு கூட்டம் சொல்லும். முழு ஸ்கேலால் அளந்தால் 9 வரும். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஏன் என்று கேளுங்கள். கோடுகளை அல்ல, கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளைத்தான் எண்ணுகிறோம் என்பதை யாராவது ஒரு குழந்தை கண்டுபிடித்துவிடும். அந்தக் குழந்தையையே மற்றவர்களுக்குச் சொல்ல விடுங்கள்.

முகத்தலளவைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், சின்ன டம்ளர், அகலமான கிண்ணம், வாளி போதும். வகுப்பறைக்கு வெளியே, செடி இருக்கும் பக்கம் செய்யுங்கள். சிந்தும் தண்ணீர் செடிக்குப் போகட்டும். ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான பாட்டிலிலும், அதே அளவு இன்னொரு டம்ளரை அகலக் கிண்ணத்திலும் ஊற்றி, எதில் அதிகம் என்று கேட்டால், ஆறு வயதுக் குழந்தைகளில் பலர் பாட்டிலைக் காட்டுவார்கள். ஊற்றியதைக் கண்ணால் பார்த்திருந்தும் காட்டுவார்கள். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஏழு வயதை ஒட்டி இந்த எண்ணம் பொதுவாக மாறும். எனவே ஒன்றாம் வகுப்பில் இதை வற்புறுத்தித் திருத்த வேண்டாம். திரும்பவும் டம்ளரில் ஊற்றிப் பார்க்கும் வாய்ப்பை மட்டும் பல முறை கொடுங்கள். மூன்றாம் வகுப்பில் 200 மி.லி. டம்ளரால் ஐந்து முறை ஊற்றினால் லிட்டர் பாட்டில் நிறைவதைச் செய்து, எழுதி வைக்கலாம். ஊரில் யார் வீட்டிலாவது பழைய படியும் உழக்கும் இருந்தால் ஒரு நாள் கேட்டு வாங்கி வாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியை அளந்துகொண்டே போனால் இரட்டிப்பு வாய்பாடு கையிலேயே வந்துவிடும்.

நிறுத்தலுக்குச் சட்டை மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் கொட்டாங்குச்சியைக் கட்டித் தொங்கவிட்டால் தராசு. பெரிய பொரிப் பொட்டலம் ஒன்றையும் கையளவு கல் ஒன்றையும் வைத்து, எது கனம் என்று முதலில் கண்ணால், பிறகு கையில் தூக்கி, பிறகு தராசில் என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரியதெல்லாம் கனமல்ல என்பதைத் தவிர இந்த வயதில் வேறெதுவும் அவசரமில்லை. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கையில் தூக்கி அந்தக் கனத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பிறகு உத்தேசிப்பது எளிது.

ஈராசிரியர் பள்ளியில்

மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருக்கும்போது இதெல்லாம் எப்படி என்று கேட்பீர்கள். மூன்று வகுப்புக்கு மூன்று செயல்பாடு தயாரித்தால் ஆசிரியர் களைத்துவிடுவார். ஒரே பொருளை மூன்று நிலையில் கொடுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் குச்சிகளைப் பத்தாகக் கட்டட்டும். அந்தக் கட்டுகளை வைத்து இரண்டாம் வகுப்பு எண்களை அமைக்கட்டும். மூன்றாம் வகுப்பு அவற்றைப் பிரித்துக் கழிக்கட்டும். பிரித்த உதிரி மறுபடி ஒன்றாம் வகுப்புக்கே போகும். நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு குழுவோடு தரையில் உட்காருங்கள். மற்ற குழுக்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.

சத்தம் வரும். வேலை சார்ந்த பேச்சா, அரட்டையா என்று அரை நிமிடம் காதுகொடுத்தால் தெரிந்துவிடும். “ஏய், இன்னும் ஒண்ணு போடு, பத்து ஆகல” என்பது கணக்கு வகுப்பின் பேச்சு. பார்வையிட வருபவர் சத்தத்தைப் பற்றிக் கேட்டால், ஒரு குழந்தையை அழைத்து அதன் நோட்டையும் குச்சியையும் காட்டிப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

முடிந்ததும் பொருள்களை எண்ணித் தட்டில் திருப்பி வைப்பதும் குழந்தைகளின் வேலை. பதினைந்து கட்டு போனது, பதினைந்து கட்டு வந்ததா என்று சரிபார்ப்பதே ஒரு கணக்கு.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் மாதம் குச்சிக் கட்டு மட்டும். பள்ளிக்கு வந்த கணிதப் பெட்டி அலமாரியில் பூட்டிக் கிடந்தால், இன்றே திறந்து, குழந்தைகளின் கையெட்டும் உயரத்தில் வையுங்கள். உடைந்தால் உடையட்டும், கணக்கு எழுதிவிடலாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரிடம் ஆளுக்கு ஒரு கைப்பிடி ஈர்க்குச்சி கேளுங்கள். கொண்டுவந்து கொடுக்கும்போது ஐந்து நிமிடம் உட்கார வைத்து, அவர்கள் பிள்ளை 52இலிருந்து 17 கழிப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.